மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்க வருமானம் போதவில்லையா? எந்த வழி யாருக்குச் சரி

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ தன் மனைவியையோ கணவரையோ நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால், ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். வருகிறவர் அரசாங்க உதவியை நம்பி வாழும் நிலை வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் இந்தப் படிவம். 1996-ல் வந்த சட்டத்தின்படி இது வெறும் உறுதிமொழி இல்லை, கோர்ட்டில் செல்லுபடியாகும் ஒப்பந்தம்.

கையெழுத்துப் போடுகிறவரின் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டால் பிரச்சினையே இல்லை. தாண்டாதபோதுதான் வீட்டில் பேச்சு கிளம்பும். பெரும்பாலும் முதலில் வரும் யோசனை, "நம்ம சொந்தத்துல யாராவது நல்ல சம்பளத்துல இருந்தா கையெழுத்துப் போடச் சொல்லலாமே" என்பதுதான். கூட்டு ஸ்பான்சர் என்ற அந்த ஏற்பாடு சட்டப்படி சரியானது, காகித வேலையும் அதில்தான் குறைவு. ஆனால் அதில் ஏறும் சுமை முழுவதும் இன்னொருவர் தலையில் ஏறுகிறது. அதனால் மற்ற வழிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல குடும்பங்களில் அந்தக் கதவைத் தட்டவே தேவைப்படாது.

முதலில் வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வறுமைக்கோட்டுத் தொகையை வெளியிடுகிறது. ஸ்பான்சரின், அதாவது கையெழுத்துப் போடுகிறவரின், ஆண்டு வருமானம் அதில் 125 சதவீதம் இருக்க வேண்டும். ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவியையோ குழந்தையையோ அழைத்தால் 100 சதவீதம் போதும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187, ஐந்து பேருக்கு 47,062 என்று இருந்தது. கீழே வரும் உதாரணங்களும் இந்த எண்களில்தான். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் தனி அட்டவணை, அங்கே தொகை கூடுதல். ஆண்டுதோறும் எண்கள் மாறும் என்பதால், படிவம் கொடுக்கும் சமயத்தில் ஐ-864பி (I-864P) என்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகையை விட, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள், அழைக்கப்படும் துணை, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், உங்கள் டாக்ஸ் ரிட்டர்னில் உங்களைச் சார்ந்தவர் என்று காட்டியிருப்பவர்கள், எல்லோரும் இதில் சேர்த்தி. இதற்கு முன் நீங்கள் ஐ-864 போட்டு அழைத்தவர்களும், அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால், சேர்த்தி. நம் ஆட்களிடம் இது அடிக்கடி நடக்கும். குடியுரிமை வாங்கியதும் பையன் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்திருப்பான். அப்புறம் கல்யாணம் ஆகும். "நானும் மனைவியும் இரண்டு பேர்தானே" என்று 26,437-ஐப் பார்த்துக்கொண்டிருப்பான். பெற்றோர் இன்னும் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவில்லை என்றால் அவன் கணக்கில் நான்கு பேர். அவனுக்கு வேண்டியது 40,187.

இந்த நிபந்தனை குடும்ப உறவின் பேரில் போடும் மனுவுக்கு. கம்பெனி மூலம் கிரீன் கார்டு வாங்குகிறவருடன் அவருடைய விண்ணப்பத்திலேயே மனைவியும் சேர்ந்து வாங்கினால் பொதுவாக ஐ-864 தேவைப்படாது. சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசு ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறவர் பேரில் ஏற்கெனவே 40 காலாண்டு, அதாவது சுமார் பத்து வருட, வேலைக் கணக்கு இருந்தாலும் வேண்டாம். திருமண காலத்தில் கணவர் அமெரிக்காவில் வேலை பார்த்துச் சேர்த்த காலாண்டுகளும், திருமணம் நீடிக்கும்வரை, மனைவியின் கணக்கில் சேரும். கல்யாணத்துக்குப் பிறகு பத்து வருடம் கணவர் அங்கேயே சம்பாதித்து, மனைவி ஊரிலேயே இருந்துவிட்ட குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. மற்ற வழிகளுக்குப் போவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

சரி, வருமானம் குறைகிறது. என்ன செய்யலாம்?

முதல் வழியை வழி என்றே பலர் நினைப்பதில்லை. மனுவை இப்போதே போட்டுவிட்டு, வருமானத்தை அதற்குள் உயர்த்திக்கொள்வதுதான் அது. துணை இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தால் முதலில் போடுவது, இவர் என் துணை என்று உறவைக் காட்டும் ஐ-130 மனு. அந்தக் கட்டத்தில் உங்கள் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. ஐ-130 அங்கீகாரம் ஆகி, கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போன பிறகுதான் ஐ-864 கேட்பார்கள். இடையில் பல மாதங்கள் ஓடும். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு விசா எண் வரும்வரை காத்திருப்பும் உண்டு. "சம்பளம் ஏறட்டும், அப்புறம் மனு போடுவோம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் காலத்தை வீணாக இழக்கிறார்கள்.

ஐ-864-ல் முக்கியமாகப் பார்ப்பது உங்கள் இப்போதைய ஆண்டு வருமானத்தை. போன வருட டாக்ஸ் ரிட்டர்ன் கட்டாயம் இணைக்க வேண்டும், ஆனால் அதில் தொகை குறைவாக இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. போன வருடம் படித்துக்கொண்டிருந்தவர் இந்த வருடம் முழுநேர வேலையில் சேர்ந்திருந்தால், சம்பளச் சீட்டுகளையும் (பே ஸ்டப்), சம்பளமும் பதவியும் குறிப்பிட்ட கம்பெனிக் கடிதத்தையும் வைத்து இப்போதைய சம்பளத்தைக் காட்டலாம். வேலையில் சேர்ந்து சில மாதங்களாவது ஆகியிருந்தால் அதிகாரிக்கு நம்பிக்கை கூடும். நேற்று சேர்ந்த வேலைக்குப் பலம் குறைவு.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடை வைத்திருப்பவர், டாக்ஸி ஓட்டுகிறவர், கான்ட்ராக்ட்டில் வேலை செய்கிறவர் போன்றோர் வரி குறைய வேண்டும் என்று செலவையெல்லாம் எழுதி லாபத்தைக் கீழே இறக்கியிருப்பார்கள். கைக்கு வந்த பணம் 60,000 டாலராக இருந்தாலும், ரிட்டர்னில் 1040 படிவத்தின் 'மொத்த வருமானம்' என்ற இடத்தில் 19,000 என்று இருந்தால் குடியேற்ற அலுவலகத்துக்கு அது 19,000 தான். மனு போடும் திட்டம் இருந்தால், அந்த வருட ரிட்டர்னைத் தாக்கல் செய்வதற்கு முன்பே கணக்காளரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கூடுதலாகக் கட்டும் வரி, இன்னொருவரிடம் போய் நிற்பதை விட மலிவு.

அடுத்தது வீட்டிலேயே இருக்கும் வருமானம். உங்களுடன் ஒரே வீட்டில் வசிக்கும் அண்ணன், அக்கா, அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளை இவர்களின் வருமானத்தை உங்களுடையதோடு கூட்டிக்காட்டலாம். அவர்கள் ஐ-864ஏ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ரத்தம், திருமணம், தத்து என ஏதாவது ஒரு வழியில் உறவு இருக்க வேண்டும் என்பதால் ரூம்மேட் ஆகமாட்டார். ஆனால் இவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூட்டு ஸ்பான்சருக்கு அந்தக் கட்டாயம் உண்டு. இதில் இன்னொரு அனுகூலம், இருவர் வருமானமும் சேர்ந்து ஒரே வரம்பைத் தாண்டினால் போதும். உங்களுக்கு 17,000, அண்ணனுக்கு 45,000 என்றால் 62,000 என்று காட்டலாம். ஆனால் அவரையும் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அண்ணன் வேறு வீட்டில் இருந்தால் இந்த வழி இல்லை. விலாசத்தை மட்டும் மாற்றிக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. டிரைவிங் லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் வேறு விலாசம் சொல்லும். மனைவியின் குடியேற்றக் கோப்பில் பொய் ஏறிவிட்டால் அதன் பின்விளைவு வருமானப் பற்றாக்குறையை விடப் பெரிது.

இதே இடத்தில் மனைவியின் சொந்தச் சம்பளமும் வருகிறது. அவர் ஏற்கெனவே அமெரிக்காவில் உங்களுடன் இருந்து, சட்டப்படி வேலை பார்த்து, கிரீன் கார்டு வந்த பிறகும் அதே இடத்திலிருந்து வருமானம் தொடரும் என்றால் அதைச் சேர்க்கலாம். சென்னையில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கும் பெண், வேலையை விட்டுவிட்டு வரப்போகிறார் என்றால் அந்தச் சம்பளத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. ஊரில் நன்றாகச் சம்பாதிக்கும் பெண்களுக்கு இது வருத்தம் தரும் விதி, ஆனால் விதி அதுதான். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே மனைவிக்கு மனு போடும் அமெரிக்கக் குடிமகனுக்கும் இதே கதி. அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் அதே வருமானம் தொடர்ந்தால்தான் கணக்கில் வரும்.

இனி சொத்து. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும், சரியாகப் பயன்படுத்தினால் அதிகம் உதவுவதும் இந்த வழிதான்.

விதி எளிமையானது. வரம்புக்கும் உங்கள் வருமானத்துக்கும் இடையே எவ்வளவு குறைகிறதோ, அமெரிக்கக் குடிமகன் தன் மனைவியையோ கணவரையோ அழைத்தால் அதைப்போல மூன்று மடங்கு சொத்து காட்ட வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அழைத்தால் ஐந்து மடங்கு. இரண்டு பேர் குடும்பம், வருமானம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். குறைவது 8,437. குடிமகனுக்கு 25,311 டாலர் சொத்து போதும், கிரீன் கார்டுக்காரருக்கு 42,185 வேண்டும். வருமானமே இல்லாத குடிமகனுக்கு 79,311 டாலர், கிரீன் கார்டுக்காரருக்கு 1,32,185 டாலர். குடியுரிமைக்குத் தகுதி வந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தச் சொத்து? ஒரு வருடத்துக்குள் பெரிய நஷ்டமில்லாமல் பணமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வங்கிச் சேமிப்பு, பங்குகள், கடன் போக வீட்டின் மதிப்பு இவையெல்லாம் சேரும். அமெரிக்காவில் வீடு வாங்கிச் சில வருடங்கள் கடன் கட்டியவர், சந்தை மதிப்பிலிருந்து மீதிக் கடனைக் கழித்துப் பார்த்தால் தேவையான தொகை அதிலேயே கிடைத்துவிடலாம். மதிப்பீட்டாளர் அறிக்கையும் கடன் பாக்கிக் கடிதமும் இருந்தால் போதும். காரைக் காட்ட வேண்டுமானால் ஓடுகிற நிலையில் இன்னொரு கார் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு என்றால் 12 மாத வரலாறு பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு முந்தின மாதம் திடீரென்று பெரிய தொகை உள்ளே வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிச்சயம் வரும்.

வருகிற துணையின் சொத்தையும் சேர்க்கலாம், அது வெளிநாட்டில் இருந்தாலும். சென்னையிலோ கோவையிலோ மனைவி பெயரில் பிளாட்டோ, ஃபிக்ஸட் டெபாசிட்டோ இருந்தால் கணக்கில் வரும். ஆனால் இரண்டு விஷயத்தை நிரூபிக்க வேண்டும். அது விற்கக்கூடியதாக இருக்க வேண்டும், விற்ற பணத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வழி இருக்க வேண்டும். இரண்டாவதில் சிக்கல் குறைவு. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. முதலாவதில்தான் நம் குடும்பச் சொத்துகள் பல தேறாமல் போகின்றன. அண்ணன் தம்பிகளோடு பிரிக்காத பூர்வீக நிலத்தில் ஒரு பங்கு, பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் தோட்டம் போன்றவற்றை ஒரு வருடத்தில் விற்க முடியும் என்று எந்த அதிகாரியையும் நம்பவைக்க முடியாது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றும் அவர் பெயரில் சுத்தமாக இருந்து, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கையும், தமிழ் ஆவணங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தால் காட்டுங்கள். நகையை மட்டும் நம்பி விண்ணப்பம் போட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாமனார் வசதியானவர் என்பதற்கு இங்கே மதிப்பில்லை. ஊரில் இருக்கும் அவர் பெயரில் எத்தனை வீடு இருந்தாலும் கணக்கில் வராது. மகளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முறையாகத் தானப்பத்திரம் எழுதி, காலம் கொஞ்சம் கடந்த பிறகு அவள் சொத்தாகக் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், ஊர்ச் சொத்திலும் வங்கி டெபாசிட்டுக்குத்தான் முதலிடம். நிலத்துக்குப் பத்து காகிதம் வேண்டும், டெபாசிட்டுக்கு ஒரு வங்கிக் கடிதமும் கணக்கு விவரமும் போதும்.

கடைசியாகக் கூட்டு ஸ்பான்சர். குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அமெரிக்காவிலேயே வசிக்க வேண்டும். உறவாக இருக்கத் தேவையில்லை. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் எவ்வளவு பெரிய சம்பளத்தில் இருக்கும் நண்பராலும் இதைச் செய்ய முடியாது. கூட்டு ஸ்பான்சர் தன் குடும்பத்தோடு உங்கள் மனைவியையும் சேர்த்து வரும் எண்ணிக்கைக்கு, தனியாகவே வரம்பைத் தாண்ட வேண்டும். உங்கள் வருமானத்தையும் அவருடையதையும் கூட்ட முடியாது. மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ளவர் என்றால் அவருக்கு ஐந்து பேர் கணக்கு, அதாவது 47,062 டாலர்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. அவர் போட்டாலும் நீங்கள் போட்டே ஆக வேண்டும். உங்கள் வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் மனுதாரர் என்ற முறையில் உங்கள் ஐ-864 உள்ளே போக வேண்டும், நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர் அல்லது மனைவியோடு அங்கே திரும்பிக் குடியேறப் போகிறவர் என்பதைக் காட்ட வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடிமக்கள் கூட்டு ஸ்பான்சர் கிடைத்த நிம்மதியில் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

இப்போது அந்தக் கையெழுத்தின் கனத்தைப் பார்ப்போம். ஊரில் வங்கிக் கடனுக்கு ஜாமீன் போடுவதற்கு எத்தனை பேர் யோசிப்பார்கள்! கடனுக்காவது இவ்வளவு தொகை, இத்தனை தவணை என்று எல்லை உண்டு. இதில் அந்த எல்லை இல்லை. வந்தவர் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நிரந்தர வாசத்தை விட்டு நாட்டை விட்டே போகும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை பொறுப்பு தொடரும். விவாகரத்து ஆனாலும் முடியாது. பலரும் நம்ப மறுக்கும் பகுதி இதுதான். கணவன் மனைவி பிரிந்து போன பிறகும், அந்தப் பெண்ணுக்கு வறுமைக்கோட்டின் 125 சதவீத அளவு வருமானம் இல்லையென்றால், கையெழுத்துப் போட்டவர் மீது வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்க நீதிமன்றங்கள் இதை நிலைநிறுத்தியிருக்கின்றன. வறியவர்களுக்கான அரசு உதவியை அவர் பெற்றிருந்தால், கொடுத்த அரசு அமைப்பும் ஸ்பான்சரிடம் திருப்பிக் கேட்கலாம். பொறுப்பு முடியும்வரை வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம். நாளைக்கு அந்த நண்பர் தன் அம்மாவை அழைக்க நினைத்தால், உங்கள் மனைவியும் அவர் குடும்ப எண்ணிக்கையில் உட்கார்ந்திருப்பார்.

அழைத்து வரப்படும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சட்டம் நல்ல பாதுகாப்பு. புது நாட்டில் கைவிடப்பட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனை கணவன் கையில் இருப்பது நியாயம், அவனுடைய சித்தப்பா மகன் கையில் இருப்பதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் யாருக்கு எது? மனைவி ஊரில் இருக்கிறார், குறைவது சில ஆயிரம் டாலர்தான், உங்களுக்கு உடம்பில் தெம்பும் வேலை மாற வாய்ப்பும் இருக்கிறது என்றால் மனுவைப் போட்டுவிட்டு வருமானத்தை ஏற்றுங்கள். பெற்றோரோ உடன்பிறந்தவரோ உண்மையிலேயே ஒரே வீட்டில் இருந்து சம்பாதித்தால் ஐ-864ஏ. அவர்களுக்கும் பொறுப்பு வரும், ஆனால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். குடிமகனாக இருந்து கையில் சேமிப்போ வீட்டில் மதிப்போ இருந்தால் மூன்று மடங்குச் சொத்து. கிரீன் கார்டுக்காரருக்கு ஐந்து மடங்கு எட்டாது என்றால் வருமானத்தையும் சொத்தையும் கலந்து போடலாம், வருமானம் ஆயிரம் டாலர் ஏறினால் காட்ட வேண்டிய சொத்து ஐயாயிரம் குறைகிறது.

மனைவி ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து, அங்கேயே விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. காத்திருக்கும் காலம் பொதுவாகக் கிடைக்காது, கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு ஐ-864-உம் சேர்ந்தே போகும். படிப்பை முடிக்காத கணவன், வேலை போன கணவன், கைக்குழந்தை, விசா முடியும் தேதி நெருங்குகிறது என்ற நிலையில் கூட்டு ஸ்பான்சர்தான் சரியான வழி. அங்கே தயங்கினால் குடும்பம்தான் பிரியும். ஊர்ச் சொத்தை அரைகுறை ஆவணங்களோடு காட்டி அதிகாரியிடம் மல்லுக்கட்டுவதை விட, நிலையான சம்பளமுள்ள ஒருவரின் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று ஆயிரம் மடங்கு மேல்.

அப்படிக் கேட்கப் போகும்போது முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். "சும்மா ஒரு ஃபார்ம்தான் மாமா" என்று சொல்லி வாங்காதீர்கள். எப்போது முடியும், எப்போது முடியாது, டாக்ஸ் ரிட்டர்னும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவருடைய மனைவியும் உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள், ஏனென்றால் சுமை அந்த வீட்டு வருமானத்தின் மேல்தான் விழும். யோசிக்க நாள் கொடுங்கள். மனைவிக்குக் குடியேற்ற விசாவோ கிரீன் கார்டோ கொடுத்து முடிப்பதற்குள் அவர் எழுதிக் கேட்டு விலகிக்கொள்ளலாம், அதன் பிறகு முடியாது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.